லேசர் செய்து நான்காம் நாள்: வன்னி வெயிலிலும் புழுதியிலும் முகத்தை எப்படிப் பேணுவது?

பாலைப்பழம் கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். நான் பரந்தன் முல்லைத்தீவு வீதியில், விசுவமடுவுக்கு அப்பால் உள்ள ஒரு பாடசாலையில் ஆசிரியையாக இருக்கிறேன். வயது முப்பத்தொன்று. உயர்தரம் படித்த காலத்தில் வந்த முகப்பருக்கள் இரண்டு கன்னங்களிலும் குழிக்குழியாகத் தழும்புகளை விட்டுச் சென்றிருந்தன. பல ஆண்டுகள் யோசித்து, சீட்டுக் கட்டிச் சேர்த்த பணத்தில், கடந்த சனிக்கிழமை கொழும்பில் ஒரு தனியார் சிகிச்சை நிலையத்தில் பிறக்‌ஷனல் காபனீரொட்சைட்டு லேசர் சிகிச்சையைச் செய்துகொண்டேன். அன்றிரவே பேருந்தில் ஊருக்குத் திரும்பிவிட்டேன். இன்று புதன்கிழமை, நான்காம் நாள்.

முதல் நாள் இரவு, மிளகாய்த்தூளை அரைத்துப் பூசியது போல எரிந்தது. இரண்டாம் நாள் காலையில் முகம் அதைத்து, கண்களை முழுதாகத் திறக்க முடியவில்லை. இப்போது வீக்கம் பெரும்பாலும் வற்றிவிட்டது. ஆனால் கன்னம் முழுவதும் கோப்பித் தூளைத் தூவியது போலக் கபில நிறப் புள்ளிகள் தோன்றியிருக்கின்றன. தொட்டால் மண்கடதாசி போலச் சொரசொரப்பாக இருக்கிறது. தாடை ஓரங்களில் கடிக்கிறது. சொறியாமல் இருப்பது பெரும்பாடாக உள்ளது.

சிகிச்சை நிலையத்தில் தந்த தாளில் ஆங்கிலத்தில் நான்கு வரிகள் மட்டுமே இருக்கின்றன: ஈரமாக வைத்திருங்கள், வெயிலைத் தவிருங்கள், உரிக்காதீர்கள், இரண்டு வாரங்களில் அழையுங்கள். எங்கள் வீட்டில் ஆளுக்கொரு வைத்தியம் சொல்கிறார்கள். புண் என்றால் காற்றுப்பட்டுக் காய வேண்டும், வசலினைப் பூசிப்பூசி அழுக வைக்கிறாய் என்று அம்மா கோபிக்கிறார். பச்சை மஞ்சளை அரைத்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறார். சித்தி வளவில் நிற்கும் கற்றாழையைச் சீவிக்கொண்டு வந்தார். நேற்று தம்பி நகரத்துக்குப் போய், பாமசியில் விடயத்தைச் சொல்லி, முகம் கறுக்காமல் இருப்பதற்கென்று ஒரு கிறீம் வாங்கி வந்தான். அதில் பெற்றாமெதசோன், நியோமைசின் என்ற இரண்டு பெயர்கள் இருக்கின்றன. நேற்றிரவு ஒரு முறை பூசினேன். கடி குறைந்தது உண்மை.

வருகின்ற திங்கட்கிழமை, அதாவது ஒன்பதாம் நாள், நான் பாடசாலைக்குத் திரும்பியாக வேண்டும். பதினொரு கிலோமீற்றர் ஸ்கூட்டரில் போக வேண்டும். அதில் மூன்று கிலோமீற்றர் கிறவல் வீதி. சோழகக் காற்றுத் தொடங்கிவிட்டதால் எதிரே ஒரு டிப்பர் போனாலே செம்புழுதியில் குளித்தது போலாகிவிடும். அதற்கடுத்த திங்கள் வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் கோவில் பொங்கல். பாற்செம்பு எடுப்பதாக நேர்த்தி இருக்கிறது. இந்தக் கிறீமைத் தொடரலாமா, கிணற்று நீரில் முகம் கழுவலாமா, எப்போது வெளியே போகலாம் என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பனிக்காலத்தாள் எழுதுகிறார்:

சகோதரி, பயப்பட வேண்டாம். நான் கனடாவில், ஸ்காபரோவில் இருக்கிறேன். இதே லேசரை இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு செய்துகொண்டேன். எனக்கும் நான்காம் நாளில் இதே புள்ளிகள்தான் இருந்தன. ஆறாம் நாளில் எல்லாம் உதிர்ந்தன. ஏழாம் நாள் சாதாரணமாக வேலைக்குப் போனேன். கற்றாழை குளிர்ச்சிதானே, பூசினால் ஒன்றும் ஆகாது என்று நினைக்கிறேன். கிறீம் கடியைக் குறைத்தால் அதையும் சில நாட்கள் பூசிப் பாருங்கள். புள்ளிகள் உதிர்ந்த பின்பு நான் தனியாக எதுவும் செய்யவில்லை.

வெண்சீருடை எழுதுகிறார்:

தங்கை, நான் வடக்கில் உள்ள ஓர் அரச வைத்தியசாலையின் தோல் நோய்ப் பிரிவில் பதினான்கு ஆண்டுகளாகத் தாதியாகப் பணியாற்றுகிறேன். உங்கள் முகத்தை நேரில் பார்க்காமல் எழுதுகிறேன். ஆகவே லேசரைச் செய்த வைத்தியரை இரண்டு வாரம் காத்திராமல் நாளையே அழைத்து, நான் சொல்வதை அவரிடமும் கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

முதலில் அந்தக் கிறீமை நிறுத்துங்கள். பெற்றாமெதசோன் என்பது வீரியமான ஸ்ரீரொயிட். கறுப்பு வராமல் இருக்க லேசருக்குப் பின் இரண்டொரு நாளுக்கு மட்டும் அத்தகைய மருந்தைத் தாமே தெரிந்து எழுதிக் கொடுக்கும் வைத்தியர்கள் இருக்கிறார்கள், அது வேறு. யாரும் எல்லை சொல்லாமல், மேற்றோல் மூடாத முகத்தில் அதைப் பூசிக்கொண்டே போனால், தோல் மெலியும், பரு கிளம்பும், உள்ளே கிருமி தொற்றினாலும் சிவப்பும் கடியும் அடங்கியிருப்பதால் தொற்று வெளியே தெரியாது. கடி குறைந்தது உண்மை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த இதம்தான் ஆட்களை மாதக்கணக்கில் பூச வைக்கிறது. நியோமைசினோ ஒவ்வாமையை உண்டாக்குவதில் பெயர்பெற்றது. ஒவ்வாமை வந்தால் சிவந்து, கடித்து, நீர் கசியும். அதைத் தொற்று என்று எண்ணி இன்னும் கூடுதலாகப் பூசுவீர்கள். ஒருமுறை பூசியதால் கெடுதல் நேர்ந்திருக்காது, கவலைப்பட வேண்டாம்.

உங்கள் முகத்தில் நடப்பது என்னவென்று தெரிந்தால் அம்மாவுக்கும் விளக்கிச் சொல்லலாம். காபனீரொட்சைட்டு லேசரை 1964 இல் குமார் பட்டேல் என்ற இந்தியாவில் பிறந்த பௌதிகவியலாளர் அமெரிக்காவில் உருவாக்கினார். அதன் ஒளியின் அலைநீளம் 10,600 நனோமீற்றர், கண்ணுக்குத் தெரியாது, நீர் அதை மிக விரைவாக உறிஞ்சிக்கொள்ளும். தோலில் பெரும்பங்கு நீர் என்பதால், ஒளி பட்ட இடம் அக்கணமே ஆவியாகிவிடுகிறது. பழைய முறையில் முகத்தின் மேற்றோல் முழுவதையும் இவ்வாறு அகற்றுவார்கள். ஆறுவதற்கு வாரங்கள் செல்லும். பிறக்‌ஷனல் முறையில் ஒரு காணி முழுவதும் குழாய்க்கிணறு இறக்கியது போல, ஒரு மில்லிமீற்றரில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு அகலமான துளைகளை மட்டும் போட்டு, இடையில் உள்ள தோலைத் தொடாமல் விடுகிறார்கள். தொடாத அந்தத் தோலிலிருந்து புதிய கலங்கள் பக்கவாட்டில் நகர்ந்து துளைகளை மூடுகின்றன. நீங்கள் காணும் கோப்பித் தூள் புள்ளிகள் ஒவ்வொன்றும் அத்தகைய ஒரு துளையின் அயறுதான். முகத்தில் அவை பெரும்பாலும் ஐந்து முதல் ஏழு நாட்களுக்குள் தாமாகவே உதிர்ந்துவிடும். இரண்டாம் நாள் வீக்கம், பின்பு கடி, சொரசொரப்பு ஆகிய எல்லாம் இந்த ஒழுங்கில்தான் வரும்.

புண் காய வேண்டும் என்ற அம்மாவின் எண்ணம் நம்மிடம் மட்டும் உள்ளதன்று. மருத்துவமும் நெடுங்காலம் அப்படித்தான் நம்பியது. 1962 இல் ஜோர்ஜ் வின்ரர் என்பவர் பன்றிகளின் தோலில் செய்த ஆய்வில், ஈரமாக மூடி வைத்த காயங்களில் மேற்றோல் ஏறத்தாழ இரு மடங்கு வேகத்தில் வளர்ந்ததைக் காட்டினார். காய்ந்த அயறுக்கு அடியில் புதிய கலங்கள் வழி தேடிக் கீழே இறங்கி நகர வேண்டியிருக்கிறது. ஈரம் இருந்தால் நேரே நகர்கின்றன. ஆகவே வாசனை சேராத வெள்ளை வசலினை மெல்லிய படையாகப் பூசுங்கள். தடிப்பாக அப்ப வேண்டாம். பரு வரும் முகத்தில் அது துவாரங்களை அடைத்து வெண்மணி போன்ற பருக்களை உண்டாக்கும்.

கிணற்று நீரைக் கொதிக்க வைத்து ஆறவிட்டே பயன்படுத்துங்கள். அரை லீற்றர் நீருக்கு மட்டத் தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவாக உப்புச் சேர்த்தால் எரிவு குறையும். அந்த நீரில் சுத்தமான மெல்லிய துணியை நனைத்து முகத்தில் பத்து நிமிடம் போட்டு எடுங்கள். நாளுக்கு மூன்று முறை போதும். தேய்க்க வேண்டாம், ஒற்றி எடுத்தபின் வசலின். மஞ்சளும் கற்றாழையும் இப்போது வேண்டாம். அம்மி, கத்தி, வளவு மண் ஆகியவற்றின் கிருமிகளைத் திறந்த தோலில் நாமே கொண்டுபோய்ச் சேர்ப்பதாக முடியும். கற்றாழை மடலை வெட்டும்போது கசியும் மஞ்சள் பாலும் தோலை அரிக்கும். தேசிக்காய்ச் சாறு என்று யாராவது தொடங்கினால் காதைப் பொத்திக்கொள்ளுங்கள். அந்தச் சாறு பட்ட தோலில் வெயிலும் பட்டால் நல்ல தோலே வெந்து கறுக்கும்.

இரவில் இரண்டு தலையணை வைத்துத் தலையை உயர்த்திப் படுங்கள். தலையணை உறையை நாளாந்தம் மாற்றுங்கள். கடிக்கு, ஒவ்வாமைக்குக் கொடுக்கும் மாத்திரையை வைத்தியரிடம் கேட்டு எடுக்கலாம். குளிர்ந்த ஒத்தடமும் உதவும்.

இனி, எந்த நேரத்தில் பயப்பட வேண்டும் என்பது. நோ நாளுக்கு நாள் குறைய வேண்டும். குறைந்த நோ மறுபடி கூடினாலோ, மஞ்சள் நிறப் பொருக்கோ சீழோ துர்நாற்றமோ வந்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ அன்றே வைத்தியசாலைக்குப் போங்கள். உங்களுக்கு முன்பு எப்போதாவது காய்ச்சலோடு உதட்டோரத்தில் கொப்புளம் வந்ததுண்டா? அது ஹேர்பிஸ் வைரஸ். நரம்பில் உறங்கிக்கொண்டிருந்து, லேசரின் பின் விழித்து முகம் முழுவதும் பரவக்கூடியது. அதனால்தான் லேசருக்கு முந்திய நாளிலோ அன்றோ தொடங்கி, தோல் மூடும்வரை அசைக்லோவிர் வகை மாத்திரையைக் கொடுப்பார்கள். உங்களுக்குக் கொடுத்தார்களா என்று நீங்கள் எழுதவில்லை. நகத்தால் கிள்ளியது போன்ற சிறு புண்கள் கூட்டமாகத் தோன்றி வலித்தால், குறிப்பாகக் கண்ணருகே என்றால், ஒரு மணிநேரமும் தாமதிக்க வேண்டாம்.

கனடாச் சகோதரி சொன்னதில் ஒன்றை மட்டும் நான் மறுக்க வேண்டும். புள்ளிகள் உதிர்ந்த பின்புதான் நம் போன்றோருக்கு உண்மையான வேலையே தொடங்குகிறது. தோல் நிறத்தை வகை பிரிக்கும் முறையை 1975 இல் பிற்ஸ்பற்றிக் என்ற அமெரிக்கத் தோல் வைத்தியர் வகுத்தார். பின்னர் அது ஆறு வகையாக விரிந்தது. நம்மவர்களின் தோல் பெரும்பாலும் அதில் நான்கு முதல் ஆறு வரையில் அடங்கும். இத்தகைய தோலில் நிறமிக் கலங்கள் சிறு காயத்துக்கும் அதிகமாக மெலனினைச் சுரக்கும். அந்தக் கறுப்பு உடனே வருவதில்லை. முகம் இளஞ்சிவப்பாக, அழகாக, ஆறிவிட்டது என்று எல்லோரும் மகிழ்ந்திருக்கும் மூன்றாம், நான்காம் வாரத்தில் வரும். எங்கள் ஊர் ஏறத்தாழ 9 பாகை வட அகலாங்கில் இருக்கிறது. சித்திரைப் புத்தாண்டை ஒட்டிச் சூரியன் தலைக்கு நேர் மேலே நின்றது. ஆவணியில் மறுபடி வரும். நண்பகலில் இங்குள்ள புற ஊதாக் கதிரையும் ஸ்காபரோவின் மாசி மாதத்தையும் ஒப்பிட முடியாது.

ஒன்பதாம் நாள் பாடசாலைக்குப் போகலாமா என்றால், அயறு முழுவதும் உதிர்ந்து, நீர் கசியும் இடம் ஒன்றுகூட இல்லாவிட்டால் போகலாம். ஆனால் அந்தக் கிறவல் வீதியில் முதல் வாரமாவது உங்கள் தம்பி முச்சக்கரவண்டிக்கு ஒழுங்கு செய்தால் நல்லது.

முதிரை எழுதுகிறார்:

தாதி அக்கா சொன்ன நான்காம் வாரக் கதையை நான் முகத்தில் சுமந்தவன், அதனால் எழுதுகிறேன். நான் ஒட்டுசுட்டான் பக்கம். 2009 இல் எனக்குப் பன்னிரண்டு வயது. எறிகணைச் சிதறல் இடது கன்னத்தைக் கிழித்தது. அதன் தழும்பு வாயோரத்தை மேலே இழுத்தபடி இருந்தது. பிற்காலத்தில் வெளிநாட்டில் இருக்கும் மாமா பணம் அனுப்ப, தை மாதக் கடைசியில் முதல் லேசரைச் செய்தேன். எட்டே நாளில் எல்லாம் ஆறிவிட்டது. காலபோக நெல் வெட்டுக்குத் தயாராக நின்றது. மெஷின் வருகிறது, ஆள் இல்லை என்றார்கள். முகத்தில் ஒரு துவாயைச் சுற்றிக்கொண்டு மாசி முழுவதும் வயலில் நின்றேன். சண்கிறீம் என்பது பெண்களின் பொருள் என்று அப்போது நினைத்திருந்தேன்.

பங்குனி பிறந்தபோது லேசர் போட்ட இடம் மட்டும் சதுரமாக, சட்டி அடியில் ஒட்டிய கரி போல ஆகிவிட்டது. தழும்பை மறைக்கப் போய், தூரத்திலிருந்தே தெரியும் ஓர் அடையாளத்தை வாங்கிக்கொண்டேன். பதற்றத்தில் நண்பன் ஒருவன் கொடுத்த, பெட்டியில் செய்த இடமோ உள்ளடக்கமோ எழுதாத வெண்மையாக்கும் கிறீமைப் பூசினேன். இரண்டு வாரத்தில் வெளுத்தது. விட்டவுடன் முன்னிலும் கறுத்தது, அதோடு பருவும் வந்தது. பிறகுதான் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையின் தோல் நோய்ப் பிரிவுக்குப் போனேன். அத்தகைய கிறீம்களில் ஸ்ரீரொயிட்டும், சிலவற்றில் பாதரசமும் இருக்கும் என்று அங்கே சொன்னார்கள். பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாற்றா என்ற சர்வதேச உடன்படிக்கையில் அழகுசாதனப் பொருட்களில் பாதரசம் சேர்ப்பதைத் தடை செய்திருந்தும், இப்படியான பெட்டிகள் கடைகளுக்கு வந்துகொண்டுதான் இருக்கின்றன. எல்லாவற்றையும் நிறுத்தி, தொப்பியும் சண்கிறீமும் அவர்கள் தந்த மருந்துமாக ஏழு மாதங்களில் நிறம் பழைய நிலைக்கு வந்தது. தழும்பு பாதியளவு இளகியிருக்கிறது; வாயோரத்தின் இழுப்புக் குறைந்ததே எனக்குப் பெரிது. தழும்பு முற்றாக அழிந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

என் போன்ற காயம் உள்ளவர்கள் வன்னியில் வீட்டுக்கு ஒருவர் இருப்பதால் இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். என் தழும்பைச் சுற்றித் தோலுக்கடியில் நீலக்கறுப்பாகச் சில துகள்கள் இருக்கின்றன. பச்சை குத்தியதை அழிக்கும் லேசரால் அவற்றையும் எடுக்க முடியுமா என்று கேட்டேன். காயம் எதனால் வந்தது என்று வைத்தியர் துருவித்துருவி விசாரித்தார். தோலுக்குள் எரியாத வெடிமருந்துத் துகள் தங்கியிருந்தால், அந்த வகை லேசர் பட்டதும் அது உள்ளேயே பொறி பறந்து வெடித்து, அம்மை வடுப் போன்ற புதிய குழிகளை உண்டாக்கிய சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றனவாம். ஆகவே அந்தத் துகள்களை அப்படியே விட்டுவிட்டோம். காயத்தின் வரலாற்றைச் சொல்ல நாம் கூச்சப்படுவதுண்டு. லேசருக்குப் போகிறவர்கள் அதை மறைக்காமல் சொல்லுங்கள்.

பாலைப்பழம் எழுதுகிறார்:

அனைவருக்கும் நன்றி. கிறீமை நிறுத்திவிட்டேன். அசைக்லோவிர் ஐந்து நாளுக்குத் தந்திருந்தார்கள். அது என்ன மாத்திரை என்றே தெரியாமல் விழுங்கிக்கொண்டிருந்தேன். இன்று ஏழாம் நாள். நெற்றியோரமும் தாடையும் தவிர மற்ற இடங்களில் புள்ளிகள் உதிர்ந்துவிட்டன. உள்ளே தோல் குழந்தையின் உள்ளங்கை போலச் சிவந்திருக்கிறது. வசலினை எப்போது விடுவது? சண்கிறீம் எது, எவ்வளவு? வீட்டில் விறகடுப்பு, சமையல் என் பொறுப்பு. கோவிலில் திருநீறும் சந்தனமும் வைக்கலாமா? தலைக்கவசம் தாடையில் உரசுகிறது.

வெண்சீருடை எழுதுகிறார்:

கடைசிப் புள்ளி உதிர்ந்த மறுநாள் வசலினை விட்டு, வாசனையற்ற இலேசான ஈரப்பூச்சுக்கு மாறுங்கள். அன்றிலிருந்தே சண்கிறீம் தொடங்கலாம். வெயிலைத் தடுக்கும் அளவைக் குறிக்கும் எஸ்.பி.எவ். எண் 30 க்குக் குறையாததாக, சிங்க் ஒட்சைட்டு அல்லது டைட்டேனியம் டையொக்சைட்டு உள்ளதாகப் பாருங்கள். அவை கதிரைத் தடுக்கும் தாதுப்பொடிகள் என்பதால் புதுத்தோலில் எரிவு குறைவு. கிடைத்தால் தோல் நிறச் சாயம் கலந்ததை வாங்குங்கள். அந்தச் சாயம் இரும்பு ஒட்சைட்டு. நம் நிறத்தவர்களைக் கறுக்கச் செய்வதில் கண்ணுக்குத் தெரியும் ஒளிக்கும் பங்குண்டு, அதை வெள்ளைச் சண்கிறீம் போதியளவு தடுப்பதில்லை. சுட்டு விரல், நடு விரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கி எடுத்தால் முகத்துக்கும் கழுத்துக்குமான அளவு. வெளியே நிற்கும்போது இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை மீண்டும் பூச வேண்டும். இடைவேளை மணி அடிக்கும்போது ஒருமுறை, பாடசாலை விடும்போது ஒருமுறை என்று வைத்துக்கொண்டால் மறவாது.

விறகடுப்பின் அனலும் புகையும் சிவப்பை நீடிக்கச் செய்யும். ஒரு மாதத்துக்காவது யாரிடமாவது கையளியுங்கள். அம்மா மறுத்தால் நான் சொன்னதாகச் சொல்லுங்கள். தலைக்கவசத்துக்குள் வெள்ளைப் பருத்தித் துணியொன்றை வைத்து நாளாந்தம் துவைத்துப் போடுங்கள். வியர்வை ஊறிய பஞ்சு புதுத்தோலில் உரசக் கூடாது. திருநீறு, சந்தனம், குங்குமம், ஒட்டுப்பொட்டு எல்லாம் லேசர் படாத இடத்தில் வையுங்கள். முகம் முழுவதும் பட்டிருந்தால் கழுத்தடியில் தொட்டுக்கொள்ளுங்கள். பாற்செம்பை வெயில் ஏறுவதற்கு முன் காலையிலேயோ பொழுது சாய்ந்த பின்போ எடுக்கப் பாருங்கள். முகம் வெளுக்கச் செய்யும் பிளீச், ஃபேஷியல், புருவ நூல் ஆகியவற்றை வைத்தியர் சொல்லும்வரை நினைக்கவே வேண்டாம். பருவுக்கென்று ஐசோற்றெற்றினோயின் மாத்திரையோ இரவுப் பூச்சோ பாவித்திருந்தால், அதையும் அவரிடம் சொல்லி, மறுபடி தொடங்கும் நாளைக் கேட்டறியுங்கள்.

பனிக்காலத்தாள் எழுதுகிறார்:

தாதி அக்காவின் திருத்தத்துக்கு நன்றி. நான் செய்துகொண்டது மாசி மாதத்தில். மாலையில் வெளிச்சம் விரைவிலேயே மங்கிவிடும், வீதியில் நடந்தாலும் கழுத்துத் துண்டு மூக்குவரை இருக்கும். தனியாக எதுவும் செய்யவில்லை என்று எழுதியது எவ்வளவு பொறுப்பற்ற சொல் என்று இப்போது விளங்குகிறது. அந்த வரியை யாரும் பின்பற்ற வேண்டாம்.

பாலைப்பழம் எழுதுகிறார்:

இன்று ஆறாவது வாரம் முடிகிறது. பின்னால் வாசிக்க வருபவர்களுக்காக நடந்ததை எழுதுகிறேன்.

பத்தாம் நாள்தான் பாடசாலைக்குப் போனேன். அதிபர் ஒரு நாள் கூடுதலாக விடுமுறை தந்தார். முதல் இரண்டு வாரம் முச்சக்கரவண்டி, பிறகு ஸ்கூட்டர். தரம் ஏழுப் பிள்ளைகள், டீச்சருக்கு முகத்தில் என்ன என்று முதல் நாள் கேட்டார்கள், வைத்தியம் செய்தேன் என்றேன், அத்தோடு விட்டுவிட்டார்கள். பெரியவர்கள்தான் விடவில்லை. வற்றாப்பளைக்கு மாலை ஐந்து மணிக்குப் பிறகு போய்ப் பாற்செம்பு எடுத்தோம். சனத்துக்குள் யாரோ அன்போடு என் நெற்றியில் சந்தனத்தைத் தடவிவிட்டார்கள். கழுவ நீர் தேடி அலைந்ததுதான் மிச்சம், வேறொன்றும் ஆகவில்லை.

ஆனாலும் இருபத்தைந்தாம் நாள் அளவில் இடது கன்ன எலும்பின் மேல் ஒரு ரூபாய்க் குற்றியளவில் கபில நிறம் படர்ந்தது. பாடசாலைக்குப் போகும்போது காலை வெயில் படும் பக்கம் அதுதான். முதிரை அண்ணா எழுதியிருக்காவிட்டால் நானும் ஏதாவதொரு பெட்டியை வாங்கியிருப்பேன். கொழும்பு வைத்தியருக்குப் படம் அனுப்பினேன். இரவில் மட்டும் பூச அசெலெயிக் அமிலம் உள்ள கிறீமை எழுதித் தந்தார், மாதக்கணக்கில் பொறுக்க வேண்டும் என்றார். இரண்டு வாரப் பாவிப்பில் ஓரங்கள் சற்று மங்கியிருப்பது போலத் தெரிகிறது. கண்ணாடி பார்க்கும் ஆசையால் எனக்கு அப்படித் தோன்றுகிறதோ என்ற ஐயமும் உண்டு.

தழும்பைப் பொறுத்தவரை, அகலமான குழிகள் ஆழம் குறைந்திருக்கின்றன. ஊசியால் குத்தியது போன்ற ஒடுங்கிய குழிகள் அப்படியே இருக்கின்றன. உள்ளே கொலாஜன் என்ற புரதம் உருவாவதற்கு மூன்று முதல் ஆறு மாதங்கள் செல்லும் என்பதால் இப்போது தீர்ப்பெழுத வேண்டாம் என்றும், ஒடுங்கிய குழிகளுக்கு லேசரைவிட வேறு முறைகள் பொருத்தம் என்றும் வைத்தியர் சொன்னார். அடுத்த அமர்வை ஆவணியில் வைப்பதாக இருந்தவர், நான் வெயிலையும் வீதியையும் விவரித்த பின்பு, மழை பிடித்து முகில் மூடியிருக்கும் மார்கழி விடுமுறைக்கு மாற்றியிருக்கிறார்.

அம்மா இப்போது தலைக்கவசத்துக்கென்று ஆறு பருத்தித் துணிகளைத் தைத்துக் கொடியில் காயப் போட்டிருக்கிறார். மஞ்சளைக் கறிக்கே போட்டுவிட்டார்.